சவுரிராயன் வீட்டில் தேங்கிய காற்று

1956 ஐப்பசியில், திண்டிவனத்தில் சவுரிராயன் கட்டிய புது வீட்டுக்குள் காற்று கணுக்கால் உயரத்துக்குத் தேங்கி நின்றது. இளநீலமாக இருந்தது, பெட்ரோல் வாசம் அடித்தது. யுத்த காலத்தில் பட்டாளத்து லாரிகளுக்கான பெட்ரோல் பீப்பாய்களை அந்த மனையில்தான் புதைத்து வைத்திருந்தார்கள். பின்னால் பீப்பாய்களை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒழுகியது மண்ணிலேயே தங்கிவிட்டது. மல்லாட்டை மில்லில் கடலை மூட்டை தூக்கும் சவுரிராயன், ஓட்டு வீடு கட்டிய சந்தோஷத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் மனைவி ஜெயத்துக்குத்தான் பயம் பிடித்தது. ஒரு மத்தியானம் கோழியொன்று குஞ்சுகளோடு உள்ளே வந்தது. கோழி கழுத்தை நீட்டிக்கொண்டு திரும்பிப் போயிற்று. ஏழு குஞ்சுகளும் உட்கார்ந்த இடத்திலேயே கண்மூடிவிட்டன. அன்று முதல் எட்டு மாதக் குழந்தை லூர்துமேரியை அவள் தரையில் விடவில்லை. அடுப்பையும் படுக்கையையும் வெளியே கொண்டுபோனாள். விளக்கை உள்ளே ஏற்றவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் வாசல் நிலையில் கரியால் காற்றின் மட்டத்தைக் கோடு போட்டு, குழந்தையை வெளிப்பக்கமாகப் பிடித்து நிறுத்திப் பார்ப்பாள். குழந்தை இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தால் காற்று மூன்று விரற்கடை ஏறியிருக்கும். வேறு எங்கே போவது? பழைய குடிசையைப் பிரித்த கழிகள்தான் இந்தக் கூரையில் இருந்தன.

சுகாதார இன்ஸ்பெக்டர் படியேறாமலே, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். திறந்தார்கள். ஜன்னல் மேலே இருந்தது, காற்று கீழே இருந்தது. திறந்த கதவு வழியாகவும் அது வாசற்படியைத் தாண்டி வரவில்லை. சவுரிராயன் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தரையைத் தோண்டினான். இரண்டு கூடை அள்ளுவான், வெளியே வந்து மூச்சு வாங்குவான். இடுப்பளவு தோண்டியும் மண் கறுப்பாகவே வந்ததால் குழியை மூடிவிட்டான்.

1958 ஆடியில் ஜெயம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது குழந்தை தானாக நடந்து உள்ளே போய்விட்டது. நீலத்துக்கு மேலே உச்சிமயிர் மட்டும் நகர்வதைத்தான் ஜெயம் பார்த்தாள். தூக்கி வெளியே கொண்டுவந்து முதுகில் மூன்று தட்டு தட்டிய பிறகே லூர்துமேரி அழுதாள். ஜெயம் அழவில்லை. மில்லிலிருந்து ஓடிவந்த புருஷனிடம், "தண்ணியாட்டம்தான தேங்கிக்கினு நிக்குது? தண்ணிக்கு வெட்டுற மாதிரி இதுக்கும் ஒரு வழி வெட்டி உடுங்க," என்றாள்.

அவன் கடப்பாரையால் தரைமட்டத்தில் சுவரை உடைத்தான். காற்று சத்தமில்லாமல் வெளியே வந்து, தெருவில் இறங்கி, ஏரிப்பக்கம் சரிவாக ஓடிற்று. பொழுது சாய்வதற்குள் வீட்டுத் தரை தெரிந்தது. அடுத்த மாதம் லூர்துமேரி அதில் உட்கார்ந்து கூழ் குடித்தாள். இருமல் மட்டும் பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும் இருந்தது.

தெருவில் ஓட்டம் நிற்கவில்லை. ஜெயம் காலையில் கொஞ்ச தூரம் அதன் கூடவே நடந்து, யார் வீட்டுப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு வருவாள். சரிவிலிருந்தவர்கள் வாசற்படியை ஒரு கல் உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். 1963இல் அதன் குறுக்கே கல்பலகை போட்டார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் பீடியை அணைத்துவிட்டு அதன்மேல் ஏறிக் கடந்து, அந்தப் பக்கம் போய்ப் பற்ற வைத்துக்கொண்டார்கள்.