மூன்றாவது விருப்பப் பாடம்

கேசிகா பேனையைத் தொடுவதற்கு முன்பே அவளுடைய அப்பா அந்தப் படிவத்தைப் பென்சிலால் நிரப்பி வைத்திருந்தார். உயிரியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் தங்களுக்கு விருப்பமான மூன்று பாடங்களை எழுதி, டிசம்பர் இருபதாம் திகதி நண்பகலுக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ‘விருப்பமான’ என்றுதான் அச்சடித்திருந்தது. அப்பா நகுலேஸ்வரனுக்கு அந்தச் சொல்லின் மேல் எந்த மரியாதையும் கிடையாது. ஐந்து வீடுகளில் தரை துடைக்கிற மனிதர் அவர். அந்த ஐந்து வீட்டு இத்தாலிய எசமானிகளான சின்யோராக்களையும் துளைத்தெடுத்து, மகள் பிறகு மருத்துவத்துக்கு மாறும்போது கணக்கில் சேரக்கூடிய பாடங்கள் எவை என்று விசாரித்து முடித்திருந்தார். உடற்கூற்றியல், நுண்ணுயிரியல், நோயியல். மூன்று வரி, மூன்று பாடம், முடிந்தது கதை.

“உதுக்கு மேலை பேனையாலை எழுதிக் குடு. வேறை ஒண்டும் யோசியாதை.”

“மூண்டாவதுக்குக் கடல் உயிரியல் போடட்டோ அப்பா?”

“ஏன், மீனுக்கு ஊசி போடப் போறியோ?”

அம்மா நாகபூசணி அடுப்படியில் நின்று சிரித்துவிட்டாள். கேசிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒக்டோபரில் ஒரு நாள் விரிவுரையாளர் நகரத்துக்குப் பக்கத்து மொந்தெல்லோக் கடற்கரைத் தண்ணீரில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தார். ஒரு துளிக்குள் அத்தனை கால்கள், அத்தனை முட்கள், கண்ணாடி போன்ற உடம்புகள்! பின்னால் வரிசையில் நின்ற பெண் முதுகில் இடித்த பிறகுதான் அவள் நகர்ந்தாள். அந்தப் பாடம் அவளுக்கு வேண்டும். பசிக்கிற வயிறு சோறு கேட்பது மாதிரி வேண்டும். ஆனால் மருத்துவ நுழைவுச் சோதனையில் இரண்டு தடவை கோட்டை விட்டவள் எந்த வாயால் மறுத்துப் பேசுவது?

அவர்கள் குடியிருந்த ஒரேத்தோத் தெருத் தமிழாக்கள் சோதனை முடிவுக்காக ஒன்றும் காத்திருக்கவில்லை. அவர்களாகவே அவளுக்கு டொக்டர் பட்டம் கொடுத்துப் பல நாளாகிவிட்டது. மாத்திரைப் பெட்டிகளோடு வருவார்கள், இரத்தச் சோதனைத் துண்டுகளோடு வருவார்கள், “டொக்டர் நிக்கிறாவோ?” என்று கதவைத் தட்டுவார்கள். அவள் அதுவரை வெட்டிப் பார்த்தது இரண்டு தவளைகளும் ஒரு மண்புழுவும். அதை யாரிடம் சொல்வது? சொன்னாலும் யார் கேட்பார்கள்? உள்ளதைச் சொன்னால், அந்தப் பட்டம் அவளுக்கும் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

அந்தப் பட்டத்தை நம்பித்தான் மார்ச்சில் சிங்கம் மாமா, வைத்தியர் சொல்வதை மொழிபெயர்க்க அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முழுப்பெயர் கோபாலசிங்கம். அவர்களுடைய வீட்டு முன்னறையில் ஐந்து வருடமாக வாடகைக்கு இருக்கிறார். ஒரு கிழட்டுச் சின்யோராவின் வீட்டில் சமைப்பது, துடைப்பது, அந்த மனுசியைக் கையைப் பிடித்து நடக்க வைப்பது எல்லாம் அவர்தான். மனைவியும் இரண்டு மகள்களும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்துகொண்டு, இவர் கூப்பிடும் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போவதற்கு முதல்நாள் பின்னேரம் அப்பா அவளைத் தனியே கூப்பிட்டார். “என்னவும் பெரிசா சொன்னாங்களெண்டா நேரை சொல்லிப்போடாதை பிள்ளை. மனுசன் அதிலேயே அரைவாசி செத்துப்போவார். நான் பக்குவமாச் சொல்லுறன்.” அதில் அவளுக்குப் புதினமாக ஒன்றும் தெரியவில்லை. எங்கள் சனத்துக்குள் நோயாளிக்கு நோயின் பெயரைச் சொல்லும் வழக்கம் எப்போது இருந்தது?

வைத்தியர் இளந்தாரி. சுற்றி வளைக்கவில்லை. வயிற்றில் துமோரே, புற்றுநோய் என்றார். இந்த மாதத்துக்குள்ளேயே வெட்டி எடுத்தால் தப்புவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போட முடியாது என்றார். பிறகு இதை அவரிடம் சொல்லுங்கள் என்று கேசிகாவைப் பார்த்தார். சிங்கம் மாமாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வயித்துக்கை ஒரு புண்ணாம் மாமா. வெட்டி எடுத்தாச் சுகமாம்.”

விளங்கிக்கொண்டாரா என்று வைத்தியர் கேட்டார். ஓமென்று தலையாட்டி “சி” என்றாள். அவர் திகதி எழுதிக் கொடுத்தார்.

அந்தத் திகதிக்கு அவர் போகவில்லை. குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பத்துக்கு வேலை இருக்க வேண்டும். இரண்டு மாதம் படுத்தால் சின்யோரா வேறு ஆளைப் பிடித்துக்கொள்வாள். “சின்னப் புண்தானே, பிள்ளையள் வந்து சேரட்டும்” என்று திகதி எழுதிய துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கேசிகா ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். “நான் பாத்துக்கொள்ளுறன், நீ படி” என்றார் அவர். பக்குவமான ஒரு நேரம் வருமென்று ஏப்ரலில் பார்த்தார், யூனில் பார்த்தார். அப்படி ஒரு நேரம் வரவேயில்லை. மாமா இடுப்புப் பட்டியில் ஆணியால் புதிது புதிதாகத் துளை போட்டுக்கொண்டிருந்தார். கேசிகாவும் தன் ஒவ்வொரு பல்கலைக்கழகச் சோதனைக்குப் பிறகும் சொல்லிவிட வேண்டுமென்று நினைத்தாள். சொல்லவில்லை. அப்பாவின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

ஒக்டோபர் கடைசியில் அவர் சின்யோராவின் மாடிப்படியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, இனி வெட்டிப் பயனில்லையென்று அப்படியே தைத்து மூடிவிட்டார்கள்.

இருபதாம் திகதி காலை, அலுவலகத்துக்குப் போகிற வழியில் கொடுத்துவிடச் சொல்லி அம்மா ஒரு போத்தலில் கஞ்சி தந்தாள். ஆஸ்பத்திரி வாட்டில் நத்தார்ப் பண்டிகைக்குச் சோடனை கட்டியிருந்தார்கள். மாமாவின் கண்ணும் தோலும் மஞ்சளாகிக் கிடந்தன.

“வா டொக்டர்” என்றார். குரலில் பழைய பகிடி கொஞ்சம் மிச்சமிருந்தது. “மனுசியாக்களுக்கு விசா தையிலை கிடைக்குமாம், கேள்விப்பட்டனியே?”

“ஓம் மாமா. அப்பா சொன்னவர்.”

அவள் கஞ்சியை ஊற்றினாள். அவர் வாங்கவில்லை.

“அண்டைக்கு அவன் துமோரே எண்டு சொன்னது எனக்குக் கேட்டது பிள்ளை.”

அவள் போத்தல் மூடியை இறுக்கித் திருகினாள்.

“ஒன்பது வருசம் இந்த நாட்டிலை இருக்கிறன். அந்தச் சொல் தெரியாதே எனக்கு? சின்யோரான்ரை புருசன் அதிலைதானே செத்தவர், நான்தானே குளிப்பாட்டினனான். ஆனா நீ புண் எண்டு சொன்னாய். படிக்கிற பிள்ளை விளங்கித்தான் சொல்லுது, நான்தான் பிழையா நினைச்சுப்போட்டன் எண்டு இருந்திட்டன்.”

“அப்பாதான் மாமா…” என்று தொடங்கியவளுக்கு வெட்கம் தாங்கவில்லை.

“கொப்பர் சொல்லியிருப்பார். நானெண்டாலும் உப்பிடித்தான் சொல்லச் சொல்லியிருப்பன்.” அவர் திட்டியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும். அவருடைய பார்வை அவளுடைய பையில் நீட்டிக்கொண்டிருந்த படிவத்துக்குப் போனது. “உது என்ன?”

“பாடம் எழுதிக் குடுக்கிற போர்ம். பன்ரண்டு மணிக்கு முதல் குடுக்கோணும்.”

“கொண்டா பாப்பம்.”

கொடுத்தாள். முதல் இரண்டு வரிகளையும் அப்பா சொன்னபடி அன்று காலை பேனையால் எழுதியிருந்தாள். மூன்றாவது இன்னும் பென்சிலில்தான் இருந்தது. அவர் தாளை நெஞ்சுக்கு மேல் பிடித்துக்கொண்டார். இத்தாலிய எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது.

“இதுக்குள்ளை என்ரை வருத்தத்தைப் பற்றிப் படிக்கிற பாடம் எது?”

அவள் மூன்றாவது வரியில் இருந்த நோயியலைக் காட்டினாள். அவர் தன் பெருவிரலை அதன்மேல் வைத்தார். அந்த விரலில் வியர்வை பூத்திருந்தது.

“இதைப் படிச்சா, அடுத்த ஆளுக்கு உள்ளதைச் சொல்லுவியோ?”

ஓம் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவளால் முடியவில்லை. சுவர் மணிக்கூட்டில் பதினொன்றரை தாண்டியிருந்தது. இப்போது ஓடினால்தான் பஸ்ஸைப் பிடிக்கலாம். மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் பதிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி விரலை எடுக்கவில்லை. அது மெதுவாக வரியின் மேல் நகர்ந்து நகர்ந்து, அப்பாவின் பென்சில் எழுத்து சாம்பல் கறையாக இழுபட்டுக்கொண்டிருந்தது. கேசிகா தாளை இழுக்காமல் நின்றாள்.