ஒட்டுச்சீட்டுக்கு அடியில் ஒரு வரி

வெந்நீரில் நனைத்த பஞ்சை, புத்தகத்தில் ஒட்டியிருந்த சீட்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள் வார்டுத் தலைமைச் செவிலியான பெரிய சிஸ்டர். பசை இளகியதும் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். சீட்டு மெல்ல எழுந்து வந்தது. அதற்கு அடியில், அச்சு கொஞ்சமும் மங்காமல், அந்த வரி இருந்தது: சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பாதி அளவு மட்டும்.

"அடப்பாவிங்களா!" என்றாள். அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் உரக்கத்தான் சொன்னாள்.

அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம் மருத்துவமனையின் மருந்துக் கையேடு. எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு என்று டாக்டர்கள் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். செவிலிகள் அதில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் ஊசியில் மருந்தை ஏற்றுவார்கள். புதுப் பதிப்பு வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதுவரை ஏதாவது மாறினால் மருந்தகத்திலிருந்து சின்னச் சீட்டு வரும். பழைய வரியின் மேல் அதை ஒட்ட வேண்டும். சீட்டு வந்த அன்றே ஒட்டிவிடுபவள் பெரிய சிஸ்டர். ஒட்டாமல் மேசை இழுப்பறையில் போட்டுவைக்கிற வார்டுகளைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தச் சீட்டையும் அப்படித்தான், ஓரம் தூக்காமல் நாலு பக்கமும் பசை தடவி ஒட்டியிருந்தாள். அது திருத்த வேண்டிய வரியைத் திருத்தியது. திருத்தக் கூடாத அடுத்த வரியையும் மூடிவிட்டது.

காலில் புண் சீழ்பிடித்து வந்திருந்த பஸ் டிரைவருக்கு அந்த ஊசியை முழு அளவில் போட்டார்கள். அவருக்குச் சிறுநீரகம் பலவீனம். கொஞ்ச நாளில் காது இரைய ஆரம்பித்தது. "காதுக்குள்ள எவனோ ஹாரனை அமுக்கிட்டு கையை எடுக்க மாட்டேங்கிறான் சிஸ்டர்" என்று முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பக்கத்தில் நின்று பேசினாலும் பாதிதான் போய்ச் சேர்ந்தது. கேட்கும் சக்தி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் காது டாக்டர்.

மருந்தை எழுதிய டாக்டர் இதே வார்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினார். அவர் மாற்றலாகி வேறெங்கோ போய்விட்டார். மிஞ்சியது ஊசி போட்ட பெரிய சிஸ்டரின் கை.

"கையேட்டைப் பாக்காம எப்படிம்மா போட்டீங்க?" என்று கேட்டார் மருத்துவமனைத் தலைவரான பெரிய டாக்டர்.

"பாத்தேன் டாக்டர். அந்த வரி இல்ல."

அவர் மருந்தகத்துப் பிரதியை வரவழைத்தார். அதில் வரி பளிச்சென்று இருந்தது. பொய் சொல்கிறாய் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. விசாரணைக்கு வந்திருந்த எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அதைவிட அறைந்திருக்கலாம். இன்று மத்தியானத்துக்குள், கையேட்டைப் பார்க்கத் தவறினேன் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இனி நோயாளி பக்கம் போக முடியாது. துணிக்கிடங்கில் போர்வை மடிக்க வேண்டியதுதான்.

மருந்து அலமாரியைத் திறக்கும்முன் ஒரு நொடி கண்ணை மூடி, "என் கையால யாருக்கும் கெடுதி வரக்கூடாது கடவுளே" என்று கேட்பது அவள் வழக்கம். இன்று காலையும் கேட்டாள். கண்ணைத் திறந்தபோது ஜன்னலோரம் புத்தகம் விரிந்து கிடந்தது. காற்றில் எழும்பிய பக்கத்தின் பின்னாலிருந்து வெளிச்சம் விழ, சீட்டுக்குள் நிழல்போல எழுத்துகள் தெரிந்தன.

இப்போது புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

கையேட்டைத் திருத்துகிற பொறுப்பு மருந்தாளுநருடையது. மருந்தாளுநர் வேறு யாருமில்லை, அவளுடைய தம்பி மனைவிதான். வீட்டில் 'அண்ணி', வேலையில் 'சிஸ்டர்' என்று அளந்து பேசுகிறவள்.

"வாங்க சிஸ்டர், என்ன இந்த நேரத்துல?"

"சிஸ்டரும் வேணாம், கிஸ்டரும் வேணாம். இதைப் பாரு." புத்தகத்தை மருந்துப் பெட்டிகளின் மேலேயே விரித்தாள்.

மருந்தாளுநர் பார்த்தாள். ஈரச் சீட்டை எடுத்துத் திரும்ப வைத்துப் பார்த்தாள். "இல்லையே அண்ணி. என் புத்தகத்துல சரியா உக்காந்துதே..."

"உன் புத்தகத்துல உக்காரும். கொண்டா அதை."

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். மருந்தகத்துப் பிரதியில் அதே சீட்டு ஒல்லியாக இருந்தது. கீழ் ஓரம் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

மருந்தாளுநர் வாயில் கை வைத்தாள். "எல்லாச் சீட்டையும் ஒரே அளவாத்தான் வெட்டித் தருவோம்னு அச்சுக்கூடத்துல சொன்னாங்க. சரின்னுட்டேன். என் பிரதியில ஒட்டும்போது... பிசிறா இருந்தா எனக்குப் பிடிக்காது, ஓரத்தை நறுக்கிடுவேன். கை தானா செய்யும். நறுக்கினதே ஞாபகம் இல்ல அண்ணி."

"உன் புத்தகத்துக்கு மட்டும் கத்தரி! எங்களுக்கெல்லாம் மூடி போட்டு அனுப்பினியா? அன்னைக்கு உன் புத்தகத்தைத்தானே கொண்டுவந்து என் மூஞ்சிக்கு நேரா விரிச்சாங்க? நீயும் அங்கதானே நின்ன? அண்ணி பொய் சொல்ல மாட்டாங்கன்னு ஒரு வார்த்தை வந்துச்சா உன் வாயிலேருந்து?"

வரவில்லை. நாத்தனாருக்குப் பரிந்து பேசுகிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அன்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதை இப்போது சொல்லவும் வெட்கமாக இருந்தது.

"வாங்க," என்றாள். "பெரிய டாக்டரைப் பாப்போம்."

பெரிய டாக்டர் இரண்டு புத்தகங்களையும் நிதானமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வரி புத்தகத்துல இருக்கத்தானே செய்யுது. யாரும் அழிக்கலையே."

"அழிக்கல டாக்டர். புதைச்சோம்," என்றாள் மருந்தாளுநர்.

"உணர்ச்சிவசப்படாதீங்க. புதுப் பதிப்பு சீக்கிரம் வந்துடும். அதுல சரியாயிடும். இப்பப் போயி எல்லா வார்டுக்கும் சொன்னா கையேட்டு மேலயே நம்பிக்கை போயிடும். சிஸ்டர் ஒரு வருத்தம் மட்டும் எழுதிக் கொடுத்துடட்டும். துணிக்கிடங்கும் ஒண்ணும் மோசமான இடமில்ல. வெயில் கிடையாது, சத்தம் கிடையாது."

பெரிய சிஸ்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சத்தம் வேணாம்னா அந்த டிரைவரை அங்க அனுப்புங்க டாக்டர். அவருக்குத்தான் இனிமே ஒரு சத்தமும் கிடையாது!"

மருந்தாளுநர் மேசையைச் சுற்றிப் போய், அவரைக் கேட்காமலே, தொலைபேசியை எடுத்தாள்.

"என்ன பண்றீங்க?"

"ஏதோ ஒரு வார்டுல இப்பவே யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சிருப்பாங்க டாக்டர். பதிப்பு வர்ற வரைக்கும் அந்த நோயாளி ஊசியை நிறுத்தி வைப்பாரா? சீட்டு எழுதினது நான். கையெழுத்து நான் போடுறேன். சிஸ்டர் போட மாட்டாங்க."

"கையேட்டுப் பொறுப்பு உங்களை விட்டுப் போயிடும். யோசிச்சுக்கங்க."

"போகட்டும்."

அவர் எழுந்து தொலைபேசியைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கெட்ட மனிதர் இல்லை, தைரியம் இல்லாதவர். தடுக்காமல் நின்றதே அன்று அவரால் முடிந்த நன்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் ஒவ்வொரு வார்டாகக் கூப்பிட்டு, மறைந்திருந்த வரியைப் படித்துச் சொன்னாள். ஒரு வார்டில், "இருங்க இருங்க" என்று குரல் விலகிப் போனது. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. "கிட்னி பலவீனமான ஒரு அம்மாவுக்கு ஊசியில மருந்தை ஏத்திக் கையிலயே வெச்சிருந்தாங்க. கீழ வைக்கச் சொல்லிட்டேன்."

மருந்தாளுநர் தொலைபேசியை வைத்துவிட்டு அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டாள். பெரிய சிஸ்டருக்கு அவள் மேல் இருந்த கோபம் இம்மியும் குறையவில்லை. ஆனாலும் மூலையில் கிடந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "உக்காரு. விழுந்து வெக்காதே. இன்னும் எத்தனை வார்டு இருக்கு."

எல்லா வார்டுப் புத்தகங்களும் வந்து சேர்ந்தன. ஒருத்தி வெந்நீர்ப் பஞ்சால் சீட்டைக் கிளப்பினாள். ஒருத்தி நறுக்கி ஒட்டினாள்.

"கோணலா நறுக்குற" என்றாள் பெரிய சிஸ்டர்.

"கண்ணு தெரியல அண்ணி."

"அழுதா எப்படித் தெரியும்? துடைச்சுட்டு நறுக்கு."

கடைசிப் புத்தகம் முடிந்ததும் மருந்தாளுநர் எழுந்தாள். "அந்த டிரைவருகிட்ட நான் சொல்லணும்."

டிரைவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மருந்தாளுநர் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"என்ன?" என்றார் அவர். "கேக்கல."

கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"கேக்கலம்மா! சத்தமாச் சொல்லு!"

அவள் கத்தினாள். "உங்க காது போனதுக்குக் காரணம் நான்! நான் அனுப்பின சீட்டுதான்! சிஸ்டர் பாத்துதான் போட்டாங்க! அவங்க மேல தப்பு இல்ல!"

வார்டு முழுக்க அந்தச் சத்தம் போனது. அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர்க் குடத்தோடு வந்த ஆயா அப்படியே நின்றாள். அன்று விசாரணையில் தரையைப் பார்த்தவர்களில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். இப்போது அவர்கள் பெரிய சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

டிரைவரின் முகம் கறுத்தது. "வண்டி ஓட்டுறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. பின்னாடி வர்றவன் ஹாரன் கேக்காம நான் எப்படி ஓட்டுறது? சீட்டாம், சீட்டு! போ அந்தப் பக்கம்!"

அவள் போகவில்லை. தலை குனிந்து, திட்டு வாங்கிக்கொண்டு நின்றாள். அவர் திட்டித் தீர்த்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, தன் இடது காதை விரலால் தட்டிக் காட்டினார்.

"இது கொஞ்சம் பரவால்ல," என்றார், இன்னும் கோபமாகவே. "இந்தப் பக்கம் வந்து உக்காந்து முதல்லேருந்து சொல்லு. என்னதான் நடந்துச்சுன்னு முழுசாக் கேட்டுடுறேன்."

பெரிய சிஸ்டர் ஒரு முக்காலியை எடுத்துவந்து இடப்பக்கம் போட்டாள்.