உருவிய கை

ஒச்சாண்டி மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கடியில் கையைக் கோத்து, விரலை அழுத்தியே விலை பேசுவார். எதிராளி கையை உருவிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகும் கை நீட்டுகிறவன் மானங்கெட்டவன்.

மாட்டின் பெருமையைச் சந்தையே கேட்க அளக்கும் மனிதர், மனைவி பவுனுவிடம் ஒரு விஷயத்தை மட்டும் வாயால் கேட்டதில்லை. ஆசை வந்தால் அவள் கையைப் பிடித்து நடுவிரலில் ஓர் அழுத்து. அவள் திருப்பி அழுத்தினால் சம்மதம். பதினோரு வருஷத்தில் பேரம் ஒருமுறைகூடப் படியாமல் போனதில்லை.

2002இல் பவுனுவின் விரல் கணுக்கள் வீங்கின. உடம்பே தன் மூட்டுகளைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிற வாதம், ஆயுசுக்கும் மாத்திரை என்றார் மதுரை டாக்டர். அந்த வாரம் ஒச்சாண்டி நடுவிரலை அழுத்தினார். அவள் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள்.

அதோடு சரி. இரண்டு வருஷம். ஊசிக்குக் கூட்டிப்போனார், சோறு பிசைந்து கொடுத்தார், தலைகூடப் பின்னிவிட்டார். அந்தக் கையை மட்டும் நீட்டவில்லை. தன் கோணல் விரல்களைக் கண்டு அவருக்கு அருவருப்பு என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள்.

பிள்ளைகள் டியூஷன் போயிருந்த ஒரு மத்தியானம், அவர் சடை பின்னிக்கொண்டிருக்கும்போது சொல்லியே விட்டாள்.

“மாமா, வேற ஒருத்தியப் பாத்துக்கிறதுன்னா பாத்துக்கங்க.”

“கிறுக்குப் பிடிச்சிருச்சா? எவ சொன்னா?”

“எவ சொல்லணும்? ரெண்டு வருசமாச்சு, பொண்டாட்டியா நெனச்சு என்னையத் தொட்டு.”

“நீதான புள்ள கைய உருவுன?”

பவுனுவுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று.

“வலில உருவுனேன் மாமா. வேணாம்னா உருவுனேன்? சந்தைச் சட்டத்த வீட்டுக்குள்ள யாரு கொண்டாரச் சொன்னா?”

“நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேட்டிருக்கலாம்ல? பல்லுப்போன கெழட்டு மாட்டையே எளங்கெடேரின்னு விக்கிற வாயி!”

ஒச்சாண்டிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு ஏதோவாக மாறி, சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து அவளை அணைத்து, இடது தோளில் முகத்தைச் சாய்த்தார்.

நோய் தோளுக்கு ஏறியிருந்தது. காலையில் ரவிக்கை மாட்டவே அவள் பாதி உயிரை விட்டிருந்தாள். அவரிடம் சொல்லவில்லை.

“வலிக்குதா புள்ள?”

“இல்ல மாமா.”

நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது. பவுனு உதட்டைக் கடித்தபடி அசையாமல் இருந்தாள். அசைந்தால் முகத்தை எடுத்துவிடுவார்.