ஜவுளிக்கடைக்காரர் தன்னைத் தானே வரைந்துகொண்டது

டிராயிங் டீச்சருக்குப் பிள்ளைகள் மேல் கோபம் வந்ததே இல்லை. பெற்றவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். ‘எங்கள் குடும்பம்’ வரையச் சொன்னால், வீட்டுக்குப் போன படம் ஸ்கேல் வைத்து இழுத்த மூக்கோடு திரும்பி வரும். அம்மாவுக்கு இடுப்பு மெலிந்திருக்கும். அப்பாவின் வழுக்கையில் முடி முளைத்திருக்கும். ஆறு வயதுக் கை செய்த வேலையாம்! அதனால் இந்த வருஷம் எல்லாரையும் வகுப்பிலேயே வரைய வைத்து, கண்காட்சியன்று காலையில் தானே சுவரில் ஒட்டினாள்.

முதலில் வந்தவர் ஜவுளிக்கடைக்காரர். அவர் மகளை வகுப்பில் பட்டாணி என்பார்கள். அவள் படத்தில் தாள் முழுக்க அத்தைதான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பட்டாணிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா. அப்பா மூலையில், செருப்பு ஸ்டாண்டை ஒட்டி, கட்டைவிரல் உயரத்தில்.

“என்ன டீச்சர் இது? என் வீட்டுல உட்கார்ந்து தின்னுட்டிருக்கா என் தங்கச்சி. அவ யானை மாதிரி நிக்கிறா, நான் எலிக்குஞ்சா? நாலு பேர் பாக்கறதுக்குள்ள கொஞ்சம் சரி பண்ணிடுங்க.”

பக்கத்தில் நின்ற மகளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை அந்த மனிதருக்கு. இந்த வாய்க்குக் குழந்தை இந்த உயரமாவது கொடுத்ததே என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

“எனக்கு அவ்வளவு திறமை பத்தாது சார். நீங்களே போட்டுடுங்க” என்று படத்தைக் கழற்றி, பெயிண்ட், பிரஷ்ஷோடு நீட்டினாள்.

கிண்டல் உறைக்க வேண்டுமே! குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். முகத்தைப் பெரிதாக்கினார். தோளை அகலமாக்கினார். மீசைக்கு வந்தபோது பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி, கறுப்பைத் தொட்டு, சொட்டச் சொட்டத் தாளில் வைத்தார். மீசை வழிந்து சட்டையில் இறங்கி, அத்தையின் கால்வரை ஓடியது.

“தண்ணி ஜாஸ்திப்பா. துணியால ஒத்தணும், தேய்க்கக் கூடாது” என்றாள் பட்டாணி.

அவர் தேய்த்தார். தாள் கிழிந்தது. பின்னால் வந்து நின்ற அம்மாக்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

“பேப்பர் மட்டம்” என்று எழுந்தவர், கறுப்புப் பெயிண்ட் அப்பிய விரல்களை நாற்காலியிலேயே துடைத்தார். வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியேறினார். மன்னிப்பெல்லாம் அவர் கடையில் இல்லாத சரக்கு.

பட்டாணியின் உதடு பிதுங்கியது. டீச்சருக்கு அப்போதுதான் சுருக்கென்றது. அந்த ஆளை மட்டந்தட்டுகிற ஆசையில் குழந்தையின் உழைப்பை அல்லவா தூக்கிக் கொடுத்துவிட்டாள்!

“தப்பு என் மேலதான் கண்ணு” என்றாள்.

பட்டாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுத் தாள் கேட்டாள். மறுபடியும் அத்தையைத் தாள் கொள்ளாமல் வரைந்தாள். பிறகு அம்மா.

“அப்பா எங்கே?”

“நான் போட்டா அவருக்குப் பிடிக்காது டீச்சர். வேணும்னா வந்து அவரே போட்டுக்கட்டும்.”

ஈரம் காயுமுன்பே டீச்சர் அந்தப் படத்தை நடுச்சுவரில் ஒட்டினாள்.