நாலு பத்து மிஸ்டு கால்

நாலே காலுக்கு டீ பெல் அடித்ததும் மற்ற பெண்கள் கேன்டீனுக்கு ஓடுவார்கள். கிறிஸ்டினா லாக்கருக்கு ஓடுவாள். தாம்பரம் சானடோரியத்தில், மெப்ஸ் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஃபோனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. காலையிலேயே பூட்டி வைத்துவிட்டு, பொழுதுக்கும் லென்ஸ் வழியாகப் பொடிப்பொடிச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷ இடைவேளையில் லாக்கரைத் திறந்தால் நாலு பத்துக்கு ஒரு மிஸ்டு கால் விழுந்திருக்கும். மகள் ஜாஸ்மின், எட்டு வயசு, மூன்றாம் வகுப்பு, பள்ளிக்கூடம் விட்டு ஊரப்பாக்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் கிறிஸ்டினாவுக்கு டீ தொண்டையில் இறங்கும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தான். அவர்கள் குடியிருப்பது மாடியில். கீழே ஹவுஸ் ஓனர் பக்தவச்சலம், அறுபது தாண்டியவர், ரிட்டயர் ஆகி வீட்டோடு இருக்கிறவர். அவர் மனைவி கனகவல்லி கூடுவாஞ்சேரியில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு வேலைக்குப் போய்விட்டு அஞ்சே முக்காலுக்குத் திரும்புவாள். ஜாஸ்மின் வந்ததும் நேராகக் கீழ் வீட்டுக்குப் போய், சார் ஃபோனை வாங்கி அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, மாடிக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். நாள் பூரா வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்றால் சும்மாவா? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி என்று கிறிஸ்டினா சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பெற்றவர்கள் ‘சார்’ என்கிறார்கள், பார்த்தால் தாத்தா மாதிரி இருக்கிறார் என்று ஜாஸ்மின் இரண்டையும் சேர்த்து ‘சார்தாத்தா’ என்று ஒரு பேர் வைத்தாள். அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது, ஜாஸ்மின் தனக்கென்று ஒரு ஃபோன் வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

“எட்டு வயசுல ஃபோனா? பதினெட்டுல இன்னா கேப்ப, ராக்கெட்டா?” என்றாள் கிறிஸ்டினா.

புருஷன் பிரிட்டோ மகள் பக்கம். ஏசி மெக்கானிக். வீடு வீடாகப் போகிறவன், நாலு வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறவன். “இன்னா கிறிஸ்டி, அவனவன் வூட்டுல ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறதெல்லாம் வெச்சிகினு கீது. நம்ம புள்ள மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?” என்பான். கிறிஸ்டினாவிடம் பதில் தயாராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பெண்கள் பேசிக்கொள்வதையெல்லாம் அவள் சேர்த்து வைத்திருந்தாள். ஒருத்தி மகனுக்கு ஏழு வயசில் கண்ணாடி. இன்னொருத்தி மகள் ஃபோன் இல்லாமல் சோறு தின்பதில்லை. மற்றொருத்தி மகனிடம் எவனோ ஊர் பேர் தெரியாதவன் ஃபோட்டோ கேட்டிருக்கிறான். இந்த உலகத்தில் உள்ள அத்தனை கெட்டவனும் அந்த ஃபோன் கண்ணாடிக்குப் பின்னால்தான் குந்தியிருக்கிறான் என்று கிறிஸ்டினா நம்பினாள். போதாக்குறைக்குக் கீழ் வீட்டுக்காரரும் அவள் கட்சி.

“சின்ன பசங்க கையில ஃபோன் குடுத்தா அதுங்க கதி அவ்ளோதாம்மா. என் ஃபோன் இருக்குல்ல, அது போதாதா பாப்பாவுக்கு?” என்று படிக்கட்டில் வைத்தே சொன்னார் பக்தவச்சலம்.

“நாலும் தெரிஞ்ச மனுசன், அவரே சொல்றாரு” என்று பிரிட்டோவின் வாயை அடைத்தாள் அவள்.

ஜாஸ்மின் அழுது புரண்டிருந்தால்கூட இரண்டு போட்டு அடக்கியிருக்கலாம். அவள் அழவில்லை. சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, நாள் தவறாமல் மெதுவாகக் கேட்பாள். “கேம் ஆட மாட்டேம்மா. வீடியோ பாக்க மாட்டேன். மிஸ்டு கால் மட்டும்தான் குடுப்பேன்.” பால் சட்டியைப் பார்த்த பூனை சத்தியம் பண்ணுகிறது என்று கிறிஸ்டினா சிரித்தாள். குழந்தை பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை லாக்கரைத் திறந்தபோது மிஸ்டு கால் இல்லை. கீழ் வீட்டுக்கு அடித்தாள். “பாப்பா வரலியேம்மா” என்றார் அவர். சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பர்மிஷன் வாங்கி, ரயிலில் நின்றபடியே மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள் ஜாஸ்மின். பயம் தெளிந்த வேகத்தில் கிறிஸ்டினாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கன்னத்தில் ஒன்று, முதுகில் இரண்டு.

“கீழ போயி ஒரு மிஸ்டு கால் குடுக்க உனக்கு இன்னாடி கேடு?”

“மறந்துட்டேன்” என்றாள் குழந்தை.

“அடிக்காதம்மா, பச்சப்புள்ள” என்று கீழேயிருந்து பக்தவச்சலத்தின் குரல் வந்தது.

அடுத்த வாரமே பிரிட்டோ தன்னுடைய பழைய ஃபோனுக்கு ஒரு சிம் போட்டுக் கொண்டுவந்தான். மூலையில் கண்ணாடி கீறியிருந்தது. இந்தத் தடவை கிறிஸ்டினாவால் மறுத்துப் பேச முடியவில்லை. தெரியாத நம்பரை எடுக்கக் கூடாது, தெரியாதவன் கூப்பிட்டால் போகக் கூடாது, வீட்டைத் தவிர வேறெங்கும் பையிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது என்று பத்துக் கட்டளை போட்டாள். ஜாஸ்மின் பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவளைப் போல இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் கிறிஸ்டினா அந்த ஃபோனைக் குடைவாள். ஒரு கேம் இல்லை, ஒரு வீடியோ இல்லை. நாலு பத்துக்கு அம்மாவுக்குப் போன கால் மட்டும் வரிசையாக இருக்கும். ஃபோனுக்காக அத்தனை நாள் தவம் கிடந்த பிள்ளைக்கு அதைத் திறந்து பார்க்கக்கூட ஆசையில்லையே என்று அவளுக்குத் தோன்றவில்லை. என் பிள்ளை தங்கம் என்றுதான் தோன்றியது. கோயில் வாசலில் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை மெஷின் ஏதோ கோளாறாகி லைன் நின்றுபோனது. இரண்டரைக்கே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். பகல் நேரத்து ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மகளுக்கு ஒரு பொட்டலம் மசால் கடலை வாங்கிக்கொண்டாள். கதவைத் திறந்ததும் அவள் முகம் போகிற போக்கை நினைத்து வழியெல்லாம் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்தபோது மணி நாலு தாண்டியிருந்தது. மாடிக் கதவில் பூட்டு தொங்கியது.

“என்னம்மா, இன்னிக்கு சீக்கிரம்?” பக்தவச்சலம் கீழே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “பாப்பா வர ஆறு மணி ஆவுமே. டியூஷன் ஏதாச்சும் சேத்திருக்கியா? ரெண்டு மாசமா பாக்கறேன், லேட்டாதான் வருது.”

டியூஷனா? கிறிஸ்டினா படிக்கட்டிலேயே நின்றாள். அப்போது அவள் கையிலிருந்த ஃபோன் இரண்டு தடவை அடித்து நின்றது. ஜாஸ்மின். மணி நாலு பத்து. வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று பிள்ளை சொல்கிறது, பூட்டு அம்மாவின் கண் முன்னால் தொங்குகிறது.

“நான் அப்பவே சொன்னேன்ல, ஃபோன் வேணாம்னு?” என்றார் அவர்.

“ஆமா சார். நீங்க சொன்னதுதான் கரெக்ட். நான்தான் எங்க வூட்டுக்காரரு பேச்சக் கேட்டுகினு குடுத்துட்டேன்.”

தெருமுனைக்கு வந்து மகளின் எண்ணுக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள் ஜாஸ்மின். எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, “வீட்லதாம்மா இருக்கேன். தாழ்ப்பா போட்டுட்டேன்” என்றாள். ஒரு சொல்லில்கூடத் தடுமாற்றம் இல்லை. அவள் குரலுக்குப் பின்னால் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ஒலிபெருக்கி செங்கல்பட்டு வண்டியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷன் வரைக்கும் கிறிஸ்டினா நடக்கவில்லை, பறந்தாள். எட்டு வயசில் இந்தப் பொய்! யாரோடு சுற்றுகிறாள்? யார் வரச்சொன்னார்கள்? எவன் எதைக் காட்டி மயக்கினான்? கோயில் வாசலில் கேட்ட அத்தனை கதையும் மண்டைக்குள் ஓடியது. இன்றைக்குத் தோலை உரித்துவிடுவது, ஃபோனைத் தண்டவாளத்தில் போட்டு உடைப்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

பிளாட்பாரத்தில் கொய்யாப்பழக் கூடைக்காரிக்கு எதிர் பெஞ்சில், மடியில் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு ஜாஸ்மின் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. கிறிஸ்டினா கையை ஓங்கிக்கொண்டே போனாள். பிள்ளை கன்னத்தை மறைக்கவில்லை. பெஞ்சில் கிடந்த ஃபோனை எடுத்து இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள்.

“அடிச்சுக்கோம்மா. ஃபோன மட்டும் வாங்காத. வாங்கிட்டா மறுபடியும் சார்தாத்தா வீட்லதான் மிஸ்டு கால் குடுக்கணும்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது.

“குடுத்தா இன்னாடி?”

ஜாஸ்மின் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கதவ சாத்திடுவாரு.”

எதிரில் கூடைக்காரி கொய்யாவை நறுக்கி மிளகாய்ப்பொடி தடவி யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நாலு பத்துக்கு விழுந்த மிஸ்டு கால் எல்லாம் அந்த ஆளின் ஃபோனிலிருந்து, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தவை. அதைப் பார்த்து நிம்மதியாகித்தான் அவள் டீ குடித்தாள். பிள்ளையை அனுப்பியதே அவள். போகாமல் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்த அன்றைக்கு அடித்ததும் அவள்.

“ஏண்டி கண்ணு, எங்கிட்ட சொல்லல?”

ஜாஸ்மின் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் நிஜமான குழப்பம்.

“சொன்னேனேம்மா. ஃபோன் வேணும், ஃபோன் வேணும்னு தெனமும் சொன்னேன்ல.”

கிறிஸ்டினா அவள் கையைப் பிடித்தாள். “எந்திரி. போலாம்.” எங்கே போவது என்று அவளுக்கே தெரியாது. கால்கள் அந்த வாசலுக்குத்தான் போகத் துடித்தன. போய் அந்த ஆளை என்ன செய்வாள் என்பதும் தெரியாது.

“இப்ப வேணாம்மா. கனகா ஆன்ட்டி அஞ்சே முக்காலுக்குத்தான் வருவாங்க. அதுக்கு முன்னாடி போனா படிக்கட்டுக்கு வந்துடுவாரு” என்றாள் ஜாஸ்மின். பையை நகர்த்தி இடம் விட்டாள். “இங்க உக்காரு. அந்தக் கடைசி பெஞ்சு வேணாம், அங்க குடிச்சிட்டு வருவாங்க. இந்த பெஞ்சுன்னா கொய்யாக்கா பாத்துக்குவாங்க.”

கிறிஸ்டினா உட்கார்ந்தாள். எட்டு வயசுப் பிள்ளை பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த இடத்தில் ஒண்டிக்கொள்வதற்கு உடம்பெல்லாம் கூசியது. பிரிட்டோவுக்கு அடித்தாள். அவன் எடுத்ததும் சுவரில் டிரில் போடும் இரைச்சல் முதலில் வந்தது.

“இன்னா கிறிஸ்டி, இந்நேரத்துல? வேலைக்குப் போவல?”

முதல் வார்த்தையாக எதை வைப்பது என்று தெரியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். “ஹலோ? கிறிஸ்டி? ஹலோ?” என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். தாம்பரத்திலிருந்து வந்த வண்டி நின்றது. கூட்டம் மொத்தமாக இறங்கி அவர்களைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் நடந்தது. ஜாஸ்மின் பென்சிலை எடுத்துக் கழித்தல் கணக்கில் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக்கொண்டிருந்தாள். ஆண்கள் யாராவது பெஞ்சை ஒட்டி நடந்தால், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, கால்கள் இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.