தூகும்மெக் வான்கப்பலை இறக்கிய மதியம்

1.

பனிக்கடலோரக் கானாக் ஊர்க் கடையில் காப்பித்தூளுக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற வேட்டைக்காரன் ஊதாக் தன் தங்கையைத் திட்டிக்கொண்டிருந்தான். அந்தத் திட்டிலிருந்துதான் இந்தக் கதையைத் திருடினேன். அப்படியென்றால் அவன் பிழைத்துவிட்டான் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. தெரியட்டும். உங்களைப் பதற வைக்க எனக்கு மனமில்லை.

முதல் தொடக்கம்: ‘வானத்தில் ஒரு வெள்ளைத் திமிங்கிலம் மிதந்து’— வேண்டாம். பார்க்காதவன் எழுதியதுபோல் இருக்கிறது.

இரண்டாவது: ‘தூகும்மெக் மூன்று மணி நேரமாக மேகத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.’ இது இருக்கட்டும்.

2.

ஊர்க்கோடிக் கொட்டகையில் உட்கார்ந்து வாயு நிரப்பிய ஆளில்லா வான்கப்பலை ஓட்டுவது அவள் வேலை. ஆறு கிலோமீட்டர் உயரத்தில் நின்று கடல்பனியையும் கப்பல்களையும் கண்காணிக்கும் கப்பல் அது. அன்று காலை மலையிலிருந்து இறங்கிய வெதுவெதுப்பான காற்று கடல்பனியை உடைத்துவிட்டது. சீல் வேட்டைக்குப் போன அண்ணன் ஊதாக், வண்டியிழுக்கும் பதினோரு நாய்களோடு ஒரு பனிப்பாளத்தில் அடித்துச் செல்லப்பட்டான். ஹெலிகாப்டர் தயார். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. கப்பலுக்குக் கீழே முழுக்க மேகம்.

“இறக்காதக்கா,” என்றான் வானிலை பார்க்கும் சக்கேயுஸ். “மேகத்துக்குள்ள போனா மேலெல்லாம் பனி ஒட்டும். இருநூறு கிலோ தாண்டுனா தானா கீழ போயிரும்.”

“மேகத்துக்கு அடியில?”

“ரெண்டு டிகிரி வெதுவெதுப்பு இருக்கலாம். உருகிரும்.”

“இருக்கலாமா, இருக்கா?”

“நான் என்ன கடவுளா?”

(இந்த இடத்தில் அவள் அழுததாக ஒரு பத்தி எழுதினேன். “அழல, கொட்டாவி விட்டேன்” என்றாள். நீக்கிவிட்டேன்.)

அவள் இறக்கினாள்.

3.

தொண்ணூறு கிலோ. நூற்றைம்பது. இருநூற்றுப் பத்து. அதற்குமேல் அவள் இறக்கவில்லை, அதுவாகவே இறங்கியது.

“போச்சுக்கா.”

“வாயை மூடுடா.”

மேகம் கிழிந்தது. கறுப்புத் தண்ணீர், வெள்ளைத் துண்டுகள். வெப்பக் கேமராவில் பன்னிரண்டு புள்ளிகள், பதினொன்று சின்னது, ஒன்று பெரியது. அவள் இடத்தைச் சொல்லச் சொல்ல ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது.

ஒரு வரைவில் கப்பலைக் கடலில் மூழ்கடித்தேன். இன்னொன்றில் பாளம் கவிழ்ந்தது. இரண்டும் நன்றாகத்தான் வந்திருந்தன. கிழித்துப் போட்டேன்.

ஏனென்றால் நடந்தது இது: கடலுக்கு நானூறு மீட்டர் மேலே வெதுவெதுப்பான காற்று பட்டு, கப்பலின் முதுகிலிருந்த பனி தகடு தகடாகச் சரிந்தது. சுமை இறங்கிய கப்பல் துள்ளி மேலேறியது. சக்கேயுஸ் நாற்காலியோடு விழுந்தான். திரையில் பெரிய புள்ளி தலையைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடியது.

4.

நாய்கள் ஹெலிகாப்டரின் இரண்டாவது நடையில் வந்தன. ஊதாக் முதல் நடையிலேயே வந்து கொட்டகைக் கதவை உதைத்துத் திறந்தான்.

“ஏய், காப்பாத்த வந்தியா, மண்டையை உடைக்க வந்தியா? மேலேருந்து விழுந்த ஒவ்வொரு தகடும் கதவு அகலம்! நான் கிளம்புறப்பகூட என் முன்நாய் நடுங்கிட்டு இருந்துது.”

“நாயா, நீயா?”

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் காலணியைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை. சக்கேயுஸ் காப்பி போடப் போனான்.

தலைமை அலுவலகத்திலிருந்து படிவம் வந்துவிட்டது. ‘பனி வரம்பை மீறியது ஏன்? இரண்டு வரிகளில்.’ அவளுக்காக மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று பொய், ஒன்று கவிதை, மூன்றாவது ‘ஏனென்றால் அவன்’ என்பதோடு நின்றுவிட்டது.

அவள் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறாள். எழுப்பாமல் அந்த இரண்டு வரிகளை நீங்களே எழுதிவிடுங்கள்.