வேஷம் கலையாத வகுப்பு

அந்த அரசுப் பள்ளிக்கூடத்தில் நாடக வகுப்பு என்றாலே மற்ற ஆசிரியர்களுக்கு இளக்காரம். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து அந்தப் பீரியடைக் கடன் கேட்பார். வாங்கினது திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. இந்த வருஷம் வகுப்பையே இழுத்து மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. நாடக டீச்சர் தனக்காகக் கவலைப்படவில்லை. தன்னை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடட்டும், அது பெரிதில்லை. வாயைத் திறக்கவே பயந்த பிள்ளைகள் இப்போதுதான் நிமிர்ந்து நின்று நாலு வார்த்தை பேசுகிறார்கள். அதற்குள் மூடுவதா?

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். அறிவியல் வகுப்பைப் பார்வையிட அதிகாரி வருகிறாராம். அறிவியலுக்கோ வாத்தியாரே இல்லை, போனவர் போனவர்தான். சோதனைக் கூடத்தில் மிச்சமிருந்தது உடைந்த நாற்காலிகளும் ஓர் எலும்புக்கூடும். அதற்கும் ஒரு கை இல்லை.

“நீங்கதான் காப்பாத்தணும் டீச்சர். உங்க பிள்ளைங்கதான் பிரமாதமா நடிக்குமே. ஒரு நாள் சயின்ஸ் வகுப்பு மாதிரி நடிச்சுக் காட்டட்டும். அப்புறம் உங்க வகுப்பை எவன் மூடறான்னு நான் பாத்துக்கறேன்.”

நாடகம் வெட்டி வேலை என்று கூட்டம் தவறாமல் சொன்ன அதே வாய். டீச்சருக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் வகுப்பு பிழைக்குமே என்று தலையாட்டி வைத்தார்.

ஒத்திகை அமர்க்களப்பட்டது. கண்ணாடிக் குப்பிகளில் கலர் தண்ணீர். ஒருவன் சந்தேகம் கேட்க வேண்டும், இன்னொருவன் தப்பாகச் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். எல்லாரும் சரியாகவே சொன்னால் எந்த அதிகாரி நம்புவார்? அறிவியல் டீச்சர் வேஷம் டீச்சருக்கே. முக்கிய வேஷம் வாயாடிக்கு. போன வருஷம் வரை அந்தப் பெண் ஊமை மாதிரி இருந்ததால் கேலியாக வைத்த பேர் அது; இப்போது பொருத்தமான பேராகிவிட்டது.

“என்ன ஆனாலும் வேஷத்தைக் கலைக்கக் கூடாது,” என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார்.

அதிகாரி வந்தார். வாயாடி குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள், கண்ணைச் சுருக்கினாள், பெருமூச்சு விட்டாள். “சரியா வரல டீச்சர். மறுபடியும் செஞ்சு பாக்கறேன்.” வெறும் கலர் தண்ணீருக்கு இந்தப் பெருமூச்சு. அதிகாரி உருகிப் போனார்.

“உனக்கு என்னம்மா வேணும்? தயங்காம கேளு.”

ஒத்திகையில் இல்லாத கேள்வி. வாயாடி அசரவில்லை.

“இடம் பத்தல சார். இன்னொரு லேப் வேணும்.”

“பக்கத்து ரூம்ல என்ன நடக்குது?”

“நாடக வகுப்பு சார்,” என்றார் தலைமையாசிரியர்.

“அதை மூடிட்டு உங்களுக்கே குடுத்திடலாமா?”

வாயாடி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. “ரொம்ப சந்தோஷம் சார். நாடகத்தால யாருக்கு என்ன லாபம்?”

மற்ற பிள்ளைகளும் கை தட்டினார்கள். டீச்சர் தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டே, “உங்க இஷ்டம் சார்,” என்றார். உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் பிள்ளைகளுக்கல்லவா பொய்யர் பட்டம். டீச்சரும் வேஷத்தைக் கலைக்கவில்லை. அதிகாரி அங்கேயே உத்தரவு போட்டுவிட்டு, இப்படி ஓர் அறிவியல் டீச்சரைப் பார்த்ததே இல்லை என்று அவரையும் பாராட்டிவிட்டுப் போனார்.

கார் கிளம்பியதும் பிள்ளைகள் டீச்சரை மொய்த்துக்கொண்டார்கள்.

“எப்படி டீச்சர் இருந்துச்சு?” என்றாள் வாயாடி.

“ஒரு குறையும் இல்லம்மா.” அது நிஜம். வினையே அதுதான்.

அந்தப் பெண் டீச்சரின் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது. “நான் வேஷத்துக்குத்தான் அப்படிச் சொன்னேன்னு அவருக்குத் தெரியுமில்ல டீச்சர்?”

“தெரியும்மா,” என்றார் டீச்சர்.

அன்றைக்கு நடந்ததிலேயே படுமோசமான நடிப்பு அதுதான். ஒரு பிள்ளைகூட நம்பவில்லை.